சம்பளத்தோடு ஒரு கடலைப் பட்டம்

"பென்ஷன் வாங்குறவனுக்கு விவசாயம் கத்துக்கச் சம்பளம் வேற கொடுக்கணுமா?" பந்தியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உறவினர் கேட்டது. ராணுவத்தில் இருந்து ஊர் திரும்புகிறவர்களை மாதாமாதம் பணம் கொடுத்து ஒரு வருடம் நல்ல விவசாயி ஒருவரிடம் வேலை பழக அனுப்ப வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன், அதற்கு வந்த பதில் இது. எதிரில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான கேள்விதான். மாதம் பிறந்தால் பென்ஷன், கேன்டீன் கார்டு, இ.சி.எச்.எஸ். மருத்துவம் என்று அவர்களுக்கு இருக்கிறது, ஊரில் கூலிக்குப் போகிற யாருக்கும் இதில் ஒன்றுகூடக் கிடையாது. அன்றைக்கு ஏதோ பதில் சொன்னேன். ஆனால் கேள்வி என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது, இரவெல்லாம் அதற்கு மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அதைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

எங்கள் வேலூர் பக்கம் ராணுவத்தைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும் சுற்றியுள்ள பல ஊர்களில் தெருவுக்கு நாலு மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும். நாற்பது வயதை ஒட்டித் திரும்பி வருவார்கள். வந்து ஒன்றிரண்டு வருடத்தில் ஏதாவது ஏ.டி.எம். வாசலிலோ, வங்கியிலோ, ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கம்பெனி கேட்டிலோ சீருடையோடு நிற்பார்கள். அந்த வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அப்படி நிற்கிறவர்களில் பலருக்கு ஊரில் ஒன்றோ இரண்டோ ஏக்கர் இருக்கிறது. பலர் அந்த நிலத்தில் விவசாயம் செய்துதான் பார்த்தார்கள், பணத்தைப் போட்டார்கள், போட்ட பணம் போனது, அப்புறம்தான் கேட்டுக்கு வந்தார்கள். என் சித்தப்பாவும் அப்படி வந்தவர்.

சித்தப்பா 17 வருட சர்வீஸ் முடித்து, சிப்பாய்க்கு மேல் உள்ள நாயக் பதவியோடு ஊர் திரும்பினார். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, சின்ன வயதில் மாடு மேய்த்தவர், மடை கட்டியவர், இவருக்குப் போய் யார் விவசாயம் கற்றுத்தர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவரும் அப்படித்தான் நினைத்தார். யாருக்கும் தோன்றாத ஒரு விஷயம் இருந்தது. பத்தொன்பது வயதில் ராணுவப் பயிற்சிக்கு வெலிங்டனுக்குப் போன ஆள், அதற்குப் பிறகு ஒரு பயிரைக்கூட விதைப்பில் இருந்து அறுவடை வரை முழுசாகப் பார்த்ததில்லை. லீவில் வருவார். பொங்கலுக்கு வந்தால் அறுத்து முடிந்த கழனி இருக்கும், ஆடியில் வந்தால் விதைப்பு நடக்கும், முளை விடுவதற்குள் லீவு முடிந்துவிடும். நடுவில் வந்த பூச்சி, காய்ச்சல், தண்ணீர்ச் சண்டை, வியாபாரி அடித்துக் கேட்ட விலை எல்லாம் போனில்தான் அவருக்கு வந்து சேர்ந்தன. நிலம் அவர் பெயரில் இருந்தது, பயிர் என் அப்பா கையில் இருந்தது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன சமயத்தில்தான் சித்தப்பா திரும்பி வந்தார். ஆக, சொல்லிக்கொடுக்கவும் ஆள் இல்லை.

வந்ததும் செய்தது போர், அதாவது ஆழ்துளைக் கிணறு, போட்டது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதும் அதுதான். கையில் மொத்தமாகப் பணம் இருக்கும், ஊரில் பத்துப் பேர் பத்து யோசனை சொல்வார்கள், போர் வண்டிக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். முதல் போரில் புகைதான் வந்தது. இரண்டாவதில் ஓரளவு தண்ணீர். அதை நம்பி மார்கழிப் பட்டத்தில், அதாவது மார்கழி விதைப்புப் பருவத்தில், கடலை போட்டார்.

55-ஆம் நாள்

நிலக்கடலையில் ஒரு தேதி இருக்கிறது. விதைத்து 40-இல் இருந்து 45 நாளுக்குள் இரண்டாவது களை எடுத்து, ஏக்கருக்கு 160 கிலோ கணக்கில் ஜிப்சம் போட்டு, செடிக்கு மண் அணைத்துவிட வேண்டும். பூ விட்ட பிறகு செடியில் இருந்து விழுது இறங்கி மண்ணுக்குள் போகும், அந்த விழுதின் நுனிதான் காயாகப் பெருக்கும். அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காய் தன்னைச் சுற்றியிருக்கிற மண்ணில் இருந்தே நேராக எடுத்துக்கொள்ளும், வேர் கொண்டுவந்து கொடுக்கிறது மிகக் கொஞ்சம். அதனால்தான் அந்தச் சத்தைக் கொடுக்கிற ஜிப்சம் அந்த நேரத்தில், அந்த இடத்தில் விழ வேண்டும். 45 நாள் தாண்டிவிட்டால் மண்ணைக் கிளறவே கூடாது. கிளறினால் விழுது அறும், அறுந்த விழுதில் காய் இல்லை. இதெல்லாம் வேளாண் பல்கலைக்கழகக் கையேட்டிலும் இருக்கிறது, எங்கள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரியும்.

சித்தப்பாவுக்கு அந்த வாரம் மோட்டாரின் கம்பிச் சுருள் போய்விட்டது. வேலூருக்கு எடுத்துக்கொண்டு போய், கட்டி, திரும்ப இறக்குவதற்குள் நாள் ஓடிவிட்டது. கழனியில் புல் செடிக்குச் சமமாக நின்றது. களைக்கு ஆள் சொன்னார், அவர்கள் வந்தபோது 55 நாள் ஆகியிருந்தது. ஆட்களைக் கூட்டி வரும் அக்கா வரப்பில் நின்று ஒரு செடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "வேணாங்ணா, விழுது எறங்கிடுச்சு, இப்ப வெட்டுனா கெட்டுடும், வேணும்னா பெரிய புல்ல மட்டும் கையால புடுங்கிக் குடுக்கறோம்" என்றார். சித்தப்பா புல்லைப் பார்த்தார். பதினேழு வருடம் ஒழுங்கைப் பார்த்துப் பழகிய கண் அது. "இவ்ளோ புல்ல வெச்சிக்கிட்டு எப்படி விடறது, வெட்டுங்க" என்றார். அவர்கள் வெட்டினார்கள். சாயங்காலம் கழனி பரேடு மைதானம் மாதிரி சுத்தமாக இருந்தது. ஜிப்சம் அதற்கப்புறம் போட்டார். பிடுங்கும்போது செடிக்கு நாலு காய், ஐந்து காய், அதிலும் பாதி பொக்கு. ஆட்கூலிக்கே கட்டவில்லை.

பிறகு ஒருநாள் அந்த அக்காவிடம் கேட்டேன், தெரிந்தும் ஏன் வெட்டினீர்கள் என்று. கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. "கூலி குடுக்கறவரு வெட்டுன்னா வெட்டணும் பாப்பா. ஒருவாட்டி சொல்லலாம். ரெண்டாவது வாட்டி சொன்னா, நாளைக்கு வேற ஆள கூப்புடுவாரு."

அந்த உறவினர் கேட்ட கேள்விக்குப் பதில் இதற்குள்தான் இருக்கிறது என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். சித்தப்பாவுக்குக் கற்றுத்தர ஆள் இல்லாமல் இல்லை. அவருடைய கழனியிலேயே, அவருடைய வரப்பிலேயே ஆசிரியர் நின்றுகொண்டிருந்தார். ஆனால் பணம் போகிற திசை தலைகீழாக இருந்தது. தெரியாதவர் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்கிற இடத்தில், தெரிந்தவர் சொல் எடுபடாது. அதே சித்தப்பா சம்பளம் வாங்கிக்கொண்டு வேறொருவர் கழனியில் வேலை பழகிக்கொண்டிருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்கா வேண்டாம் என்றால் வேண்டாம்தான், களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பிடுங்கியிருப்பார். சொன்னதைக் கேட்டு நடக்க அவருக்குத் தெரியாதா என்ன? பதினேழு வருடம் அதைத்தானே செய்தார்.

சித்தப்பாவிடம் இதைப் பேசியபோது அவர் வேறு ஒரு பக்கத்தில் இருந்து வந்தார். "யூனிட்டுக்குப் புதுசா ஒரு லெப்டினன்ட் வருவாரு. ரேங்க் அவருக்குத்தான் பெருசு. ஆனா பழைய சுபேதார் சாப் பக்கத்துல நின்னு சொல்லிக்குடுப்பாரு, அவரு கேட்டுக்குவாரு. கேக்காத ஆபீசர் யாருக்கும் புடிக்காது. இங்க வந்து நான் கேக்கல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெலிங்டன்ல ரெக்ரூட்டா சேர்ந்த மொத நாள்ல இருந்து எனக்குச் சம்பளம் போட்டாங்க. துப்பாக்கியப் புடிக்கவே தெரியாது அப்ப. நீயே ஒரு துப்பாக்கி வாங்கி, நீயே சுட்டுப் பழகிட்டு பார்டருக்கு வான்னு யாரும் சொல்லலியே" என்றும் சொன்னார். விவசாயத்தில் நாம் அதைத்தான் சொல்கிறோம். நிலம், போர், சொட்டுநீர், விதை எல்லாவற்றையும் உன் பணத்தில் வாங்கு, தப்பு செய், அந்தத் தப்பின் விலையையும் நீயே கொடு, தாங்கினால் விவசாயி, தாங்காவிட்டால் செக்யூரிட்டி.

சம்பளம் இல்லாமல் போய்க் கற்றுக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். போக முடியாது. எங்கள் ஊரில் ஒரு நாயக், பக்கத்து ஊர்க்காரர் கழனியில் சும்மா போய் மண்வெட்டி பிடித்தால் மறுநாளே "மிலிட்டரியில இருந்து வந்துட்டு கூலிக்குப் போறான் பாரு" என்று பேசுவார்கள். வீட்டிலும் சும்மா விட மாட்டார்கள், பிள்ளைகள் பெரிய வகுப்புக்கு வந்திருக்கும், பென்ஷன் மட்டும் போதாது, ஒரு வருடம் வருமானம் இல்லாமல் பழகுகிறேன் என்றால் சித்தி எங்கே போவார்? ஆனால் கையில் ஓர் ஆர்டர், மாதம் ஒரு தொகை, போய்ச் சேர வேண்டிய தேதி இருந்தால் அது இன்னொரு போஸ்டிங். தெருவே அதைப் புரிந்துகொள்ளும்.

மற்றவர்கள் செய்து பார்த்தது

இது நான் கனவு கண்டு சொல்கிற விஷயம் இல்லை. ஆஸ்திரேலியாவில் முதல் உலகப் போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களில் 37,000-க்கும் மேற்பட்டவர்களை நிலம் கொடுத்துக் குடியேற்றினார்கள். நிலம் இருந்தது, கடன் இருந்தது. ஏராளமானவர்கள் கடனோடு நிலத்தை விட்டுப் போனார்கள். ஏன் இவ்வளவு நஷ்டம் என்று நீதிபதி பைக் 1929-இல் விசாரித்து அறிக்கை கொடுத்தார். கைமுதல் போதவில்லை, நிலத்துண்டு சிறியது, விளைபொருள் விலை விழுந்தது, இவற்றோடு விவசாயத்துக்குத் தயாராகாத ஆட்கள் என்பதையும் காரணமாகச் சொன்னார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு திரும்பவும் அதே திட்டம் வந்தபோது அனுபவம் பார்த்து ஆள் எடுத்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள், ஆரம்ப காலத்தில் குடும்பம் நடத்த உதவித்தொகையும் கொடுத்தார்கள். முதல் தடவை சிப்பாய்களின் தலையில் விழுந்த செலவை இரண்டாவது தடவை அரசு ஏற்றுக்கொண்டது.

அமெரிக்காவில் போரில் இருந்து திரும்புகிறவர்களுக்காக 1944-இல் வந்த ஜி.ஐ. பில் சட்டம் என்றால் எல்லோரும் கல்லூரிப் படிப்பைத்தான் சொல்வார்கள். அதே சட்டத்தின் கீழ் சுமார் 6,90,000 முன்னாள் படைவீரர்கள் விவசாயப் பயிற்சி பெற்றார்கள் என்பதை யாரும் அதிகம் பேசுவதில்லை. வகுப்பும் உண்டு, பண்ணையிலேயே வேலையும் உண்டு, ஆசிரியர் பண்ணைக்கு வந்து பார்ப்பார், படிக்கிற காலத்துக்கு மாதாமாதம் பிழைப்புப் படி வரும். இப்போதும் அங்கே ஸ்கில்பிரிட்ஜ் என்ற திட்டத்தில், பணியின் கடைசி 180 நாட்கள் வரை ராணுவச் சம்பளத்திலேயே வெளியில் ஒருவரிடம் போய் வேலை பழகலாம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு பழைய தடம் இருக்கிறது. வயநாடு அன்றைக்குச் சென்னை மாகாணத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் திரும்பி வந்த சிப்பாய்களை அங்கே குடியேற்ற மாகாண அரசு ஒரு திட்டம் போட்டபோது, அம்பலவயலில் ஓர் அரசுப் பண்ணையையும் சேர்த்தே அமைத்தது, சாகுபடி முறைகளைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. இன்றைக்கு அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம். நிலம் மட்டும் கொடுத்தால் போதாது என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

சம்பளத்தோடு மண் வேலை என்பதும் நம் ராணுவத்துக்குப் புதிதில்லை. சுண்ணாம்புக் கல் வெட்டி மொட்டையாகிப் போன மசூரி மலைகளை மீட்க 1982-இல் பிராந்திய ராணுவத்தில் ஒரு சுற்றுச்சூழல் பட்டாலியனையே தொடங்கினார்கள், அதில் சேர்ந்தவர்கள் ஓய்வு பெற்று வந்த கட்வால் சிப்பாய்கள். அவர்களுக்குச் சம்பளம் எதற்கு, பென்ஷன் இருக்கிறதே என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை, மலை பச்சையானது.

இப்போது என்ன இருக்கிறது என்றால், ஓய்வு பெறும் சமயத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம் நடத்தும் பயிற்சிகள் இருக்கின்றன, சிப்பாய்களுக்குக் கட்டணம் இல்லை. பயிற்சிகள் வேண்டாதவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வகுப்பறையில் 45-ஆம் நாள் ஒரு வரி, கழனியில் அது ஒரு முழு நாள், அந்த நாள் காலையில் மோட்டார் ஓடாமல் போகும்போது எதை முதலில் பார்ப்பது என்கிற முடிவும் அதில் சேர்ந்தது. கடனும் இருக்கிறது. 2024 சுதந்திர தின உரையில் தமிழக முதல்வர் அறிவித்த காக்கும் கரங்கள் திட்டத்தில் தொழில் தொடங்க ஒரு கோடி வரை கடன், 30 சதவீத மூலதன மானியம், 3 சதவீத வட்டி மானியம். நல்ல திட்டம், பலருக்குக் கை கொடுக்கும். ஆனால் தெரியாத தொழிலுக்குக் கடன் வாங்கினால் கடன்தான் மிஞ்சும், கடனுக்கு முன்னால் பழகுவதற்கு ஒரு வருடம் வேண்டும்.

பென்ஷனே இல்லாதவர்கள் வருகிறார்கள்

உறவினரின் கேள்விக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது, அதைக் காலமே எழுதிவிட்டது. நான்கு வருடத்துக்கு மட்டும் படைக்கு ஆள் எடுக்கிற, 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்ந்த முதல் அணி 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் பயிற்சிக்குப் போனது. நான்கு வருடம் என்றால் 2026 முடிவையும் 2027 தொடக்கத்தையும் ஒட்டி அவர்கள் வெளியே வர வேண்டும். நாலில் ஒரு பங்குவரை படையில் தொடரலாம், மற்றவர்கள் சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியோடு ஊருக்கு. பென்ஷன் கிடையாது. வயது இருபதுகளில்தான். இவர்களில் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, எங்கள் ஊர் மைதானத்தில் விடியற்காலை ஓடிய பையன்களை எனக்குத் தெரியும்.

அந்தப் பதினொன்றரை லட்சத்துக்காகப் போர் வண்டி காத்துக்கொண்டிருக்கிறது, கார் ஷோரூம் காத்துக்கொண்டிருக்கிறது, கல்யாணச் செலவு காத்துக்கொண்டிருக்கிறது. எனக்கு இதை நினைத்தால் உண்மையாகவே பதறுகிறது. ஒரு வருடம், அந்தப் பணத்தைத் தொடாமல், மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு, ஓர் ஆடிப் பட்டத்தையும் ஒரு மார்கழிப் பட்டத்தையும் இன்னொருவர் கழனியில் முழுசாகப் பார்த்துவிட்டு வந்தால், அப்புறம் அவன் விவசாயம் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் அது பணம் போகாமல் எடுத்த முடிவாக இருக்கும். எல்லோருக்கும் நிலம் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நிலம் இல்லாதவன் குத்தகைக்கு எடுப்பான். குத்தகைக்காரன் முதல் வருடமே தப்பு செய்தால் அடுத்த வருடம் நிலம் கிடைக்காது, ஆகவே அவனுக்கு இது இன்னும் அவசியம்.

இதில் கெட்டுப்போகிற வழிகளும் இருக்கின்றன. அரசு சம்பளத்தில் ஓசிக்கு ஆள் கிடைக்கிறது என்று சில பெரிய பண்ணைக்காரர்கள் மாட்டுச் சாணி அள்ளவே ஒரு வருடம் வைத்துக்கொள்வார்கள். யாரோ கண்காணிக்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிறது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-இல் நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் புதுச்சேரியில்தான் வந்தது, இன்றைக்கு அநேகமாக மாவட்டத்துக்கு ஒன்று இருக்கிறது. அங்கிருந்து மாதம் ஒருமுறை ஒருவர் வந்து கழனியைப் பார்த்து, பழகுகிறவரிடம் தனியாகப் பேசிவிட்டுப் போனால் போதும். கற்றுக்கொடுக்கிற விவசாயிக்கும் பணம் கொடுக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் ஒருவன் தப்பான நாளில் தண்ணீர் கட்டினால் நஷ்டம் அவருக்குத்தானே.

சித்தப்பாவும் நானும் உட்கார்ந்து இதை மனுவாக எழுதியிருக்கிறோம், ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கிற முன்னாள் படைவீரர் குறைதீர்க் கூட்டத்தில் கொடுப்பதற்கு. பணியின் கடைசி மாதங்களில் தொடங்கி மொத்தம் ஒரு வருடம், இரண்டு பட்டம். உதவித்தொகை பழகுகிறவருக்கு, பயிற்சிக் கட்டணம் விவசாயிக்கு. அக்னிவீரர்களுக்கு முன்னுரிமை. பழகி முடித்தவர்களுக்கு மட்டும் அதற்கப்புறம் கடன். நான் இதோடு முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினேன். சித்தப்பா படித்துவிட்டு, பயிற்சிக் கட்டணம் விவசாயிக்கு என்ற இடத்தில் கையை வைத்து, "அந்தம்மா பட்டா வெச்சிருக்கற விவசாயி கெடையாது. இப்படி எழுதுனா அவங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். நிலம் இல்லாவிட்டாலும் பத்து வருடத்துக்கு மேல் களை, நடவு, அறுவடை வேலையில் இருக்கிறவர்களையும் பயிற்சியாளராகப் பதிவு செய்து, பழகுகிறவர்கள் இருக்கிற நாட்களுக்குக் கூலியோடு தனிப் பணம் தர வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தோம். தொகை எவ்வளவு என்று மட்டும் இன்னும் எழுதவில்லை. அந்த அக்காவிடம் கேட்டுவிட்டு எழுதலாம் என்று சித்தப்பா சொல்லியிருக்கிறார்.